நானூற்றுப் பதினேழாம் நம்பர் வண்டி

ராஜாங்கம் முதலாளியின் மினி லாரி முதலியார்பேட்டைப் பட்டறை வாசலில் வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் தணிகாசலத்துக்கு முதலில் வந்தது ஒன்றுக்கு. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆள், ஊரில் ஓடும் அம்பாசிடர்களில் பாதியின் நசுங்கலை நிமிர்த்தியவர், சின்னப் பிள்ளை மாதிரி கொல்லைக்கு ஓடினார். திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு, லாரியில் இருந்ததை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலச் சுற்றி வந்தார்.

“என்னா வண்டிங்க மொதலாளி இது?”

கேட்டவருக்குத் தெரியாததல்ல. அந்த வண்டியைச் செய்தவரே அவர்தான்.

ராஜாங்கம் பாகூர்ப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, துய்மா வீதியில் பூட்டிக் கிடந்த ஒரு பிரெஞ்சுக்கார வீட்டை வாங்கி ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். 2006ஆம் வருடம், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அந்த ஊரில் பழைய சுவர் வைத்திருந்தவனெல்லாம் ஓட்டல் வைத்தான். தோட்டத்துச் சுவரை இடித்தபோது அதற்குப் பின்னால் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் இந்த வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே இரண்டு சீட்டு. முழங்கால் உயரம்தான் இருந்தது. பின்பக்கம் மட்டும் தேங்காய்த்திட்டுப் படகின் மூக்கு மாதிரி கூர்ந்து எழும்பியிருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம்.

“ஏதோ பழைய ஸ்போர்ட்ஸ் காருய்யா. என்னா காருன்னு கண்டுபிடிக்க ஆள் சொல்லிருக்கேன். தை மாசம் ஓட்டல் தெறப்பு. அதுக்குள்ள இத பளபளன்னு ஆக்கி வாசல்ல நிறுத்தணும்” என்றார் ராஜாங்கம். “காவலுக்கு நம்ம வாட்ச்மேன இங்கயே உக்கார வெச்சிட்டுப் போறேன்.”

லாரியின் முன்பக்கத்திலிருந்து ஸ்டூலும் கையுமாக இறங்கினார் சாமிக்கண்ணு. தணிகாசலத்துக்கு மறுபடியும் கொல்லைக்குப் போக வேண்டும்போல இருந்தது.

ஏனென்று சொல்ல இருபத்தெட்டு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது தணிகாசலம் பஞ்சு மில்லில் ஃபிட்டர், வயது இருபத்து நான்கு. துய்மா வீதி வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குப் போய்விட, அவருடைய மாமாதான் தோட்டக்காரராக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் பதினாலு மாதம், ஏலத்தில் எடுத்த ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சினையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, தன் கல்யாணத்துக்குத் தானே ஒரு கார் செய்தார். மாப்பிள்ளை கார் வாடகைக்கு எடுக்கலாமே என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவனை அடித்திருப்பார். எஞ்சினுக்கு மேல்மூடி போட நல்ல தகடு கிடைக்கவில்லை. மில்லில் நூலுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டா ஒன்று அவர் கண்ணை உறுத்தியது. ஆயுத பூஜையன்று மில் கேட் திறந்திருக்கும், பெண்டு பிள்ளைகள் வந்து போவார்கள். அன்று அந்த அண்டா நிறையச் சுண்டலைக் கொட்டி, இரண்டு பேர் தூக்க, விநியோகத்துக்குப் போவது போல வெளியே கொண்டு போய்விட்டார். கேட்டில் நின்ற டைம்கீப்பர் சாமிக்கண்ணு அதிலிருந்து இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு, “போ, போ” என்று வழிவிட்டார்.

மறுநாள் கஞ்சி காய்ச்ச அண்டா இல்லை. பத்து நாள் தேடினார்கள்; அதற்குள் அது வண்டியின் மேல்மூடியாகிவிட்டது. ஃபிட்டர்கள் பதினெட்டுப் பேரையும் மில்லுக்குள் இருந்த பிள்ளையார் முன்னால் நிறுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. திருட்டு மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்? தணிகாசலம் கற்பூரத்தை அடித்தார். கேட்டில் கோட்டை விட்டதற்காகச் சாமிக்கண்ணுவுக்கு மூன்று மாதம் சஸ்பெண்டு. அன்று மாலையே தணிகாசலம் துய்மா வீதிக்குப் போய், கொட்டகை வாசலில் தன் கையாலேயே செங்கல் வைத்துப் பூசிவிட்டார். கல்யாணத்துக்கு வாடகை அம்பாசிடர்தான் வந்தது.

மில் மூடிப் பல வருடம் ஆகியும் சாமிக்கண்ணுவிடம் டைம்கீப்பர் புத்தி போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்த அடுத்த நாள் தணிகாசலம் பட்டறைக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்போது பன்னெண்டு” என்றார்.

“பட்டறை என்னுதுண்ணே.”

“இருக்கட்டும். பன்னெண்டு நிமிசம் லேட்டு.”

கண்டுபிடிக்க வந்தவர் மொசியே கோவிந்தராசு. பிரெஞ்சு ராணுவத்தில் மோட்டார்ப் பிரிவில் இருபது வருடம் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. ஊரில் ஒரு பழைய சாமான் பூமியிலிருந்து கிளம்பினால் அவரைக் கூப்பிடாமல் யாரும் முடிவு செய்வதில்லை. முடிவுக்கு வராமல் அவரும் திரும்புவதில்லை. தொப்பியைக் கழற்றிச் சாமிக்கண்ணு கையில் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். ஒரு மணி நேரம் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“ஸ்டியரிங் இடது பக்கம். அப்ப பிரான்ஸ்” என்று குரல் மட்டும் வந்தது. “கதவு இல்ல. அப்ப ரேஸு.”

தகடு பற்றாமல் போனதால்தான் கதவு இல்லை.

“வுவாலா!” என்று ஒரு சத்தம். மொசியே வெளியே வந்தபோது முகத்தில் கிரீஸ், கையில் ஒரு பித்தளை வில்லை. “ஸ்டியரிங்குக்குக் கீழ அடிச்சு வெச்சிருந்தான். ஷாசி நம்பர்! கத்ர் சான் தீசெத்!”

அது ஷாசி நம்பரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருடைய மில் டோக்கன், நானூற்றுப் பதினேழு. மில்லில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை வில்லை உண்டு. காலையில் வந்ததும் அதை டைம்கீப்பரிடம் நீட்டினால்தான் அன்றைக்குச் சம்பளம். வண்டி முடிந்த அன்று, செய்தவன் பெயர் எங்காவது இருக்க வேண்டும் என்ற ஆசையில், தன் டோக்கனையே அங்கே அடித்துவிட்டு, தொலைந்துவிட்டதென்று மில்லில் எழுதிக் கொடுத்து வேறு வாங்கிக்கொண்டார். அந்த வில்லையிலிருந்து ஐந்தடி தூரத்தில் சாமிக்கண்ணு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மில்லின் எண்ணூறு டோக்கன்களும் ஆளோடு ஷிப்டோடு அவருக்கு மனப்பாடம். நல்ல வேளையாக மொசியே நம்பர்களை பிரெஞ்சில்தான் சொல்வார்; சாமிக்கண்ணுவுக்கு பிரெஞ்சு தெரியாது. ஊர் இந்திய யூனியனோடு சேர்ந்து இத்தனை வருடம் கழித்து, பிரெஞ்சு பாஷை தணிகாசலத்தின் மானத்தைக் காப்பாற்றியது.

மொசியே வில்லையை ஒரு உறையில் போட்டு ஒட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தீர்ப்பு வந்தது, நம்பர் மட்டும் பிரெஞ்சில்: லியோன் நகரம், 1954, நானூற்றுப் பதினேழாவது வண்டி. இதற்கு முன்னால் பிறந்த நானூற்றுப் பதினாறும் பிரான்சில் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். ராஜாங்கத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “கத்ர் சான் தீசெத்” என்று சொல்லப் பழகிக்கொண்டு, பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. செய்தது வெளிநாட்டுக்காரன் என்று ஒருவன் நம்பும் அளவுக்குச் செய்திருக்கிறோம்! ஆனால் அடுத்த வாரமே மொசியே பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு படத்தை அச்செடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

“இதான் ஒரிஜினல் ரூபம். உன்கிட்ட இருக்கறத எவனோ ஒரு அரைகுறை டிங்கர் கெடுத்து வெச்சிருக்கான். இந்த வாலு இருக்கே, இதப் பாத்தாலே தெரியுது. கைல கலையே இல்லாத பய. இத வெட்டிட்டு உருண்டையா செய்.”

“வாலு நல்லாத்தானே இருக்கு மொசியே.”

“நோன், நோன். உனக்கு இந்த வண்டியச் செஞ்சவன் மனசு தெரியாது தணிகாசலம்.”

தணிகாசலம் வாலை வெட்டினார். இருபத்து நான்கு வயதில் தேங்காய்த்திட்டில் படகுகளைப் பார்த்துப் பார்த்து வளைத்த வால் அது. வெட்டுகிறபோது அழுகை வந்தது; வெல்டிங் கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. முன்விளக்கைத் தாழ்த்தினார், சக்கரத்துக்கு மேல் புருவம் வைத்தார், பச்சையைச் சுரண்டி நீலம் அடித்தார். தன் பிள்ளைக்கு அடுத்தவன் ஜாடை வரவழைக்கிற வேலை. சாமிக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்து டீக்குப் போன நேரத்தையெல்லாம் கணக்கு வைத்தார்.

மார்கழி நடுவில் மொசியே ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே ராஜாங்கம்.

“தப்பு நடந்துபோச்சு! இது பிரான்ஸே இல்ல, இங்கிலாந்து!” மொசியே வண்டியின் வலது பக்கம் குனிந்து, அடைத்துப் பூசிய நாலு துளைகளைக் காட்டினார். “பாரு. ஸ்டியரிங் முதல்ல வலது பக்கம்தான் இருந்திருக்கு. பொறவு எவனோ முட்டாள் இடது பக்கம் மாத்திருக்கான். வலது பக்கம் ஸ்டியரிங்கு, ரெண்டு சீட்டு, கதவு இல்ல. இங்கிலீஷ்காரன் வண்டியேதான்!”

“அதுக்கென்னா, மாத்திட்டாப் போச்சு” என்றார் ராஜாங்கம். “மொசியே காலையிலயே சொல்லிட்டாரு, பத்திரிகையில ‘இங்கிலாந்து கார்’னு அடிச்சாச்சு. தணிகாசலம், பத்து நாள்ல ஸ்டியரிங்க வலது பக்கம் கொண்டா.”

மொசியே சொன்னதில் ஒன்று சரி. ஸ்டியரிங் முதலில் வலது பக்கம்தான் இருந்தது. அதை மாற்றிய முட்டாளும் தணிகாசலம்தான். கோரிமேட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, கிணற்றடியில் பாக்கியலட்சுமியின் வலது பக்கம் நின்று மூன்று கேள்வி கேட்டார். பெண் பதில் சொல்லாமல் வாளியையே பார்த்தது. பிடிக்கவில்லை போல என்று முகம் செத்துத் திரும்பியவரை, பெண்ணின் சித்திதான் நிறுத்தினாள். “சின்னதுல காய்ச்சல் வந்ததுலேர்ந்து அந்தக் காது கேக்காது தம்பி. இந்தப் பக்கம் வந்து கேளுங்க.” இந்தப் பக்கம் வந்து கேட்டார். சிரித்தது. அன்றைக்கே கொட்டகைக்குப் போய் ஸ்டியரிங்கைப் பிடுங்கினார். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், அவள் இடது பக்கம் உட்காருவாள். அவர் பேசுவது அவளுடைய வலது காதில் விழும், அதாவது விழாது. இடது பக்கம் மாற்ற ஐந்து வாரம் ஆனது. கடற்கரைச் சாலையில் அவளை உட்கார வைத்துப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், “பாக்கியம், இது நானே செஞ்சது”. அதற்காகத்தான் அவ்வளவும். அதைத்தான் அவர் சொல்லவே இல்லை.

சொல்லவே இல்லை என்பதும் சரியில்லை. நாலு தடவை சொல்லியிருக்கிறார், அவளுடைய வலது காதில். பாரம் இறங்கும், ஆபத்தும் இல்லை. மற்ற நேரமெல்லாம் பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் தவறாமல் இடது பக்கம்தான் உட்காருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கியலட்சுமி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் பலகையை எடுத்து அவளுக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, அண்டாவிலிருந்து ஆரம்பித்து ஸ்டியரிங் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை பாதி உரித்த இறாலோடு நின்றது.

“எனக்காவா மாத்துனீங்க?”

“ம்.”

“அதப் போயி மறுபடியும் மாத்தச் சொல்றானுவளா?” என்றாள். அப்புறம் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. “சாமிக்கண்ணு அண்ணன் மூணு மாசம் வூட்டுத் திண்டாட்டத்துல தாடி வெச்சிக்கினு திரிஞ்சாரே. நீங்க பண்ணதுக்கா? எழுந்து போங்க. அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் இந்த வூட்ல சோறு.”

இறால் தொக்கு வாசனை தெரு வரைக்கும் வந்தது. தணிகாசலம் பட்டினியாகவே பட்டறைக்கு நடந்தார்.

அங்கே ராஜாங்கமும் மொசியேவும் வலது பக்கத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமிக்கண்ணு ஸ்டூலில்.

“ஸ்டியரிங்க மட்டும் மாத்த மாட்டேங்க” என்றார் தணிகாசலம். “இது என் வண்டி. நான் செஞ்சது. என் பொண்டாட்டிக்கு வலது காது கேக்காது.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாங்கத்துக்குப் புரையேறி, சாமிக்கண்ணு எழுந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

“எனக்கேவா கதை வுடுற?” என்றார் ராஜாங்கம்.

மொசியே மட்டும் பரிவோடு தோளில் கை வைத்தார். “ரெண்டு மாசமா கூடவே இருந்துட்ட. பாசம் வந்துரும். நான்கூட ராணுவத்துல ஒரு லாரிய என் தம்பின்னு நெனச்சிருந்தேன்.”

“அந்த ஒறையக் கொஞ்சம் குடுங்க மொசியே.”

தணிகாசலம் உறையைக் கிழித்து வில்லையை எடுத்தார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தினமும் செய்தது போல, வலது கையை நீட்டி அதைச் சாமிக்கண்ணுவிடம் கொடுத்தார்.

சாமிக்கண்ணு அதைப் பார்த்தார். உடம்பு தானாக விறைத்து நிமிர்ந்தது. குரல் மில் கேட்டில் கேட்ட அதே குரல்.

“நானூத்திப் பதினேழு! தணிகாசலம், ஃபிட்டிங், ரெண்டாம் ஷிப்டு! எழுவத்தெட்டு அக்டோபர்ல டோக்கன் தொலைஞ்சதா எழுதிக் குடுத்தது!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. வில்லையைப் பார்த்தார், தணிகாசலத்தைப் பார்த்தார், மெதுவாக வண்டியின் முன்பக்கம் போய் மேல்மூடியைத் தூக்கினார். தணிகாசலமே ஒரு உப்புத்தாளை எடுத்து மூடியின் உள்பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில், உளியால் கொத்தின எழுத்து: கஞ்சி 2.

சாமிக்கண்ணுவின் கன்னம் துடித்தது. அடிக்கப் போகிறார் என்றுதான் தணிகாசலம் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தச் சுண்டல்ல உப்பே இல்லடா” என்றார் சாமிக்கண்ணு.

“மன்னிச்சிருண்ணே.”

“மூணு மாசம்டா. ஊர்ல ஒருத்தன் என்கிட்ட மணி கேக்கல.”

தணிகாசலம் அவர் காலில் விழப் போனார். சாமிக்கண்ணு விடவில்லை, பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கட்டி கற்பூரம் வாங்கி வந்து அண்டா மூடியின் மேல் ஏற்றினார். “அன்னிக்குப் பொய்யா அடிச்சியே, இன்னிக்கு நெஜமா அடி.” தணிகாசலம், “அண்டாவ எடுத்தது நான், வண்டியச் செஞ்சது நான்” என்று கற்பூரத்தை அடித்தார். புது நீலப் பெயிண்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு விழுந்தது. ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அறுநூறு பத்திரிகை அடிச்சிருக்கேன்! கஞ்சி அண்டாவையா ஓட்டல் வாசல்ல நிறுத்துறது?”

மொசியே தோல்வி என்பதை ராணுவத்திலேயே கற்காதவர். தாடையைத் தடவிவிட்டுச் சொன்னார்: “ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு தணிகாசலம். இது நானூத்திப் பதினேழாவதுன்னா, மீதி நானூத்திப் பதினாற எங்க வெச்சிருக்க?”

கடைசியில் சாமிக்கண்ணுதான் பஞ்சாயத்து பேசினார். வண்டி முதலாளி வாசலிலேயே நிற்கட்டும். இங்கிலாந்து என்றோ அமெரிக்கா என்றோ எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஸ்டியரிங் இருக்கிற இடத்தில் இருக்கும், டோக்கன் அடித்த இடத்தில் அடிக்கப்படும். சம்மதமில்லையென்றால், வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் அண்டா கதையைச் சொல்ல ஒரு வாட்ச்மேன் கேட்டிலேயே நிற்கிறான். முதலாளி சம்மதித்தார். தணிகாசலத்துக்குத் தண்டனையும் சாமிக்கண்ணுவே விதித்தார்: ஓட்டல் திறப்புக்கு முந்தின நாள், மூன்று மாதத்துக்கு மூன்று ரவுண்டு, வண்டியில் முதலில் ஏறுவது சாமிக்கண்ணு.

அப்படியே நடந்தது. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். ஐந்து மணிக்கே சாமிக்கண்ணு வாட்ச்மேன் உடுப்போடு ஏறி உட்கார்ந்துவிட்டார். பாக்கியலட்சுமி பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் ரவுண்டில் சாமிக்கண்ணு முறைப்பாக முன்னால் பார்த்தார். இரண்டாவதில் போகிற வருகிறவர்களுக்குக் கை காட்டினார். மூன்றாவது ரவுண்டு முடிந்து இறங்கியபோது கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சு நாப்பத்தொண்ணு. ஒழுங்கா ஓட்டுன” என்றார். இருபத்தெட்டு வருடத்தில் தணிகாசலத்துக்கு அவர் கொடுத்த முதல் நல்ல மார்க் அது.

பாக்கியலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது பக்கச் சீட்டில் ஏறினாள். முழங்கால் உயர வண்டியில் ஏறுவது அந்த வயதில் லேசான காரியமில்லை. சாமிக்கண்ணு கை கொடுத்தார். வண்டி கிளம்பியது. இடது பக்கம் தணிகாசலம், அவருக்குப் பக்கத்தில் அவளுடைய கேட்கிற காது. கடல் காற்றில் அவள் பூவெல்லாம் பின்னால் பறந்தது.

சொல்ல வேண்டிய இடம் வந்ததும் தணிகாசலம் சொன்னார். அவள் திரும்பி, “என்னா?” என்றாள். மறுபடி சொன்னார். “என்னாங்க?” கத்திச் சொன்னார். அவள் கையை விரித்தாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பதினாலு மாதம், ஐந்து வார ஸ்டியரிங் வேலை, ஒரு பொய்ச் சத்தியம், ஒரு செங்கல் சுவர், எல்லாம் செய்தவர் இந்த எஞ்சினுக்கு உருப்படியாக ஒரு சைலன்சர் வைக்க மறந்திருக்கிறார். அந்த இரைச்சலில் எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது.

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் தானாக உருண்டது.

“பாக்கியம், இது நானே செஞ்சது” என்றார்.

“தெரியுது” என்றாள் பாக்கியலட்சுமி. “வேற எவன் இவ்ளோ சத்தம் போடுற வண்டி செய்வான்?”

பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வண்டி மறுபடி கிளம்ப மறுத்தது. சாமிக்கண்ணு ஓடி வந்து, கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்.